மணல் வெளியே, கரி உள்ளே: செந்தூல் வீட்டில் தண்ணீர் வடிகட்டி மாற்றிய பதிவு

எங்கள் வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர் ஓடுகிறது. சமையலறைக் குழாயில் வருவது தெரு பைப்பின் அழுத்தத்திலேயே நேராக வருவது. குளியலறை, கழிவறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது. மலேசியாவில் வரிசை வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பைப் போடுவார்கள். குடிக்கும் தண்ணீர் தொட்டியில் தேங்காமல் வர வேண்டும் என்பதற்காக. வீட்டில் எந்தக் குழாய் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி: தொட்டியிலிருந்து கீழே இறங்கும் பைப்பின் வால்வை மூடிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுபோவது தொட்டித் தண்ணீர், நிற்காமல் வருவது நேர்த் தண்ணீர்.

போன தண்ணீர்த் தடைக்குப் பிறகு இந்த வித்தியாசம்தான் எனக்கு வழிகாட்டியது. சமையலறைத் தண்ணீர் அன்று மாலையே தெளிந்துவிட்டது. குளியலறை வாளியிலோ நாள் பல ஆகியும் அடியில் பழுப்புப் பொடி படிந்துகொண்டே இருந்தது. அப்படியானால் தெருவைக் குறை சொல்லிப் பயனில்லை, சமாசாரம் தலைக்கு மேலே இருக்கிறது. வாசலில் மீட்டருக்குப் பின்னால் நிற்கும் மணல் வடிகட்டிக்கும் மணல் மாற்றி வருடங்கள் ஆகிவிட்டன. சமையலறையில் இருந்த பழைய வடிகட்டியின் உறையில் வெடிப்பு. சரி, மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். கோலாலம்பூரின் செந்தூல் மாதிரி எண்பதுகளில் கட்டிய வீடுகள் நிறைந்த பகுதியில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

இங்குள்ள தண்ணீர் எப்படிப்பட்டது

கோலாலம்பூர், சிலாங்கூர் வீடுகளுக்குப் போகும் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுப்பது. சுங்கை லங்காட், சுங்கை செமினி ஆறுகளும், கிள்ளான் கேட்ஸ் அணையும், பத்து அணையும் மீதியைக் கொடுக்கின்றன. பஹாங்கிலிருந்து மலையைக் குடைந்து போட்ட 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகவும் லங்காட் 2 சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆற்று நீர் வருகிறது. இவை எல்லாமே மழைக்காட்டு மலைகளிலிருந்து இறங்கும் மேற்பரப்பு நீர். தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். அதில் சுண்ணாம்பு கரைந்து வருவது மிகக் குறைவு. அதனால்தான் இங்கே கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டுவதில்லை, சோப்பும் தாராளமாக நுரைக்கிறது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் தண்ணீர் வடிகட்டி பற்றித் தெரிந்துகொள்வது தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்களைப் பார்த்துத்தான். அங்கே ஆழ்துளைக் கிணற்றில் கரைந்த உப்பு 1000, 1500 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) என்று போகும். அவர்கள் ஆர்ஓ (சவ்வு வழியாக உப்பை நீக்கும் இயந்திரம்) இல்லாமல் குடிக்க முடியாது என்று சொல்வது அவர்கள் ஊருக்கு நியாயம். கரைந்த உப்பை அளக்கும் என் டிடிஎஸ் பேனா எங்கள் குழாய்த் தண்ணீரில் 100-க்குக் கீழேதான் நிற்கிறது. இந்தியத் தரத்திலேயே விரும்பத்தக்க அளவு 500, மலேசிய வரம்பு 1000. உப்பு அதிகம் இல்லாத தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க ஒரு இயந்திரம் வாங்கி, அது சுத்தம் செய்யும் ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் கொட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. சிறுநீரக நோயாளிக்கு டயாலிசிஸ் செய்வது மாதிரியான தனிக் காரணம் இருந்தால் அது வேறு கதை.

டிடிஎஸ் பேனாவுக்கும் ஒரு எல்லை உண்டு. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும் அளந்து, ஒரு எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ஈயம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, துரு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 60 என்று காட்டினால் சுத்தம், 90 என்று காட்டினால் அழுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரத்தில் நமக்கு வீட்டில் பயன்படும் எண்கள் சில: கலங்கல் 5 என்டியு-வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீஸ் 0.1, அலுமினியம் 0.2. பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5 முதல் 9 வரை. மீந்திருக்கும் குளோரின் 0.2 முதல் 5 வரை. இந்தக் கடைசி எண்ணில் கீழ்வரம்பும் இருப்பதைக் கவனியுங்கள். குளோரின் அதிகமாக இருக்கக் கூடாது என்பதோடு, இல்லாமலும் போகக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வீடு வரை பல கிலோமீட்டர் பைப்பில் வரும் தண்ணீருக்கு வழித்துணை அதுதான். இந்தப் பதிவில் நான் செய்த எல்லாத் தேர்வுகளும் இந்த ஒரு விஷயத்தை ஒட்டியே அமைந்தன.

நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் பொதுவாக நன்றாகவே இருக்கிறது. அழுக்கு சேருவது வழியில். பழைய இரும்பு பைப்புகளின் உட்சுவரில் துருவும் மாங்கனீஸ் படிவும் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஒரே சீராக ஓடும்வரை அது அசையாது. தடை வந்து பைப் காலியாகி, மறுபடி அழுத்தத்தோடு தண்ணீர் பாயும்போது எல்லாம் பெயர்ந்துகொண்டு வரும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் தொழிற்சாலைக் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்களே, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அந்தச் சமயம் தண்ணீர் திரும்பி வந்தபோது வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆற்றில் ரசாயனம் கலப்பதை நம் வீட்டு வடிகட்டி தடுக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதை நிலையத்திலேயே நிறுத்திவிட வேண்டும், நிறுத்தினார்கள். நம் கையில் இருப்பது பின்னால் வரும் துருவைச் சமாளிப்பதும், தடை நாட்களுக்குச் சேமித்து வைப்பதும்தான்.

கண்ணாடிக் குவளை வித்தை

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விற்பனைப் பையன் வீட்டுக்கு வந்தான். தெரிந்தவர் மூலம் வந்தவன், மரியாதையான பிள்ளை. "அண்ணே, உங்க தண்ணியில என்ன இருக்குன்னு காட்டுறேன், பாருங்க" என்று இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டு வந்த ஆர்ஓ தண்ணீர். நான்கு கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கைச் செருகினான். ஒரு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, மேலே அழுக்கு நுரை மிதந்தது. அவன் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. என் மனைவியின் முகம் மாறிவிட்டது.

அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். தண்ணீரில் கொஞ்சம் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி கரையும், கரைந்த இரும்பு துருவாகப் படியும். பழுப்பு நிறம் தண்ணீரில் இருந்தது இல்லை, கம்பியிலிருந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் பாயாது, கம்பி கரையாது. நான் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு கொண்டு வந்து அவன் குவளையில் போட்டு, "இப்போ போடு தம்பி" என்றேன். அவன் தண்ணீர் எங்கள் தண்ணீரை விட மோசமாகக் கலங்கியது. பாவம், அவனுக்கே அது தெரியாது போலிருக்கிறது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைச் செய்தான். தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

இன்னொரு வித்தையும் உண்டு. மஞ்சள் நிறச் சொட்டு மருந்து விட்டால் குளோரின் உள்ள தண்ணீர் மஞ்சளாகும். பிறகு அதே தண்ணீரில் கையையோ காய்கறியையோ முக்கி எடுத்து, மறுபடி சொட்டு விட்டால் நிறம் வராது. "பாத்தீங்களா, குளோரின் எல்லாம் உங்க தோலுக்குள்ள போயிடுச்சு" என்பார்கள். குளோரின் எந்தக் கரிமப் பொருளைத் தொட்டாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அது அதன் வேலை. ஆனால் அந்தச் சொட்டு மருந்து நமக்குப் பயன்படும் பொருள்தான். மீன் தொட்டி விற்கும் கடைகளில் கிடைக்கும். சோதித்த தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிப்பது

பணம் செலவழிக்கும் முன் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒவ்வொரு குழாயின் தண்ணீரையும் பிடித்துப் பார்த்தேன். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன்னால் பிடிக்க வேண்டும், பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும்.

எல்லாக் குழாயிலும் பழுப்பு, அக்கம்பக்கத்திலும் அப்படித்தான் என்றால் தெரு பைப். காலையில் முதல் தண்ணீர் மட்டும் பழுப்பு, ஓடவிட்டதும் தெளிகிறது என்றால் வீட்டுக்குள் இருக்கும் பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) துருப்பிடித்திருக்கிறது. தொட்டிக் குழாய்களில் மட்டும் பொடி என்றால் தொட்டி. பாலாக வெளுத்து வந்து, கண்ணாடிக் குவளையில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, கவலை வேண்டாம். கறுப்புத் துணுக்கு வந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். மை போல இழுவினால் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷரோ வளைகுழாயின் உள்ரப்பரோ குளோரினில் மட்கியிருக்கும். நறநறவென்று இருந்தால் வடிகட்டியிலிருந்து தப்பி வந்த கரித்தூளாக இருக்கலாம். குளியலறைத் தரையில் இளஞ்சிவப்பு வழவழப்பு படிகிறதே, அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் குறைவு. காற்றில் வரும் ஒரு பாக்டீரியா சோப்பு மிச்சத்தில் வளர்வது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும்.

எங்கள் வீட்டில் தேறியவை: தொட்டிக் குழாய்களில் பொடி, கீழ் குளியலறையில் மட்டும் காலை நேரப் பழுப்பு. குளோரின் சோதனையில் சமையலறைத் தண்ணீர் நல்ல மஞ்சள், மாடிக் குளியலறைத் தண்ணீர் பார்த்தும் பாராததுமான மஞ்சள். தொட்டியில் வண்டல் குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தொட்டி

தொட்டியைக் கழுவும் முந்தின நாளே தெருப் பக்க வால்வை மூடி, குளித்துத் துவைத்துத் தண்ணீரைக் குறைத்துவிட்டேன். நிறைந்த தொட்டியைக் கொட்டுவது வீண். தண்ணீர் சூடாக்கும் கருவி, பம்ப் இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் கருகிவிடும்.

எங்கள் தொட்டி 100 கேலன், அதாவது 455 லிட்டர். கூரைச் சட்டத்துக்கும் தொட்டி மூடிக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்து நுழையும் இடம்தான். காலை ஏழு மணிக்கே ஏறிவிட்டேன், பத்து மணிக்கு மேல் ஓட்டுக்கு அடியில் இருக்க முடியாது. மூடியைத் தூக்கியதும் டார்ச் வெளிச்சத்தில் அடித்தளமே தெரியவில்லை. இரண்டு விரல் உயரத்துக்கு மெல்லிய பழுப்பு வண்டல். மூடியின் ஓரத்தில் பல்லிப் புழுக்கை. நிரம்பினால் வெளியேறும் பைப்பின் வாயில் இருக்க வேண்டிய வலை மட்கிப் போயிருந்தது. ஏடிஸ் கொசு உள்ளே போக அது ஒன்றே போதும்.

தொட்டி செய்கிறவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். கீழே இறங்கும் பைப் அடித்தளத்திலிருந்து சில அங்குலம் மேலே இருக்கும், வண்டல் கீழேயே தங்கட்டும் என்று. வண்டல் அந்த உயரத்தை நெருங்கும்போதுதான் பிரச்சினை தொடங்கும். தடைக்குப் பிறகு தண்ணீர் வேகமாக விழுந்து கலக்கியபோது எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அடியில் இருக்கும் கழிவு அடைப்பைத் திறந்து, மிச்சத் தண்ணீரோடு வண்டலைத் துடைப்பத்தால் தள்ளினேன். வாளியும் கையளவுப் பஞ்சுத் துணியும்தான் மீதி வேலையைச் செய்தன. சோப்பு போடக் கூடாது, அலசி முடியாது. கம்பிப் பிரஷ்ஷும் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அடுத்த படிவு அந்தக் கீறலில்தான் பிடிக்கும்.

கழுவிய பிறகு கிருமிநாசம். வாசனை சேர்க்காத சாதா கிளோராக்ஸ் வகை வெளுப்புத் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் சுமார் 5 சதவிகிதம் இருக்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வர வேண்டுமானால் 455 லிட்டருக்கு ஏறக்குறைய 450 மில்லி. பாதி தண்ணீர் நிரம்பும்போது ஊற்றி, முழுக்க நிரப்பி, ஒவ்வொரு குளியலறைக் குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடினேன். பைப்புக்கும் சேர்த்துச் சிகிச்சை. ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, முழுவதையும் கொட்டி, மறுபடி நிரப்பி மறுபடி கொட்டினேன். இந்த நேரத்தில் வீட்டில் யாரும் கழிவறைக்கு அமிலத் திரவம் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு.

புதிய கொசு வலை, மூடிக்கு இரண்டு கொக்கி, மிதவை வால்வுக்குப் புதிய வாஷர். தொட்டி வேலை முடிந்தது. மறுநாள் மாடிக் குளியலறையில் மஞ்சள் சமையலறைக்குச் சமமாக ஏறியிருந்தது.

வாசலில் மணல்

வாசலில் நிற்பது 9 அங்குல விட்டம், 42 அங்குல உயரமுள்ள ஃபைபர் உருளை. தலையில் மூன்று நிலை வால்வு: வடிகட்டு, பின்னோக்கிக் கழுவு, அலசு. உள்ளே நடுவில் ஒரு நீண்ட பிளாஸ்டிக் பைப், அதன் அடியில் மெல்லிய கீறல்கள் உள்ள சல்லடை. தண்ணீர் மேலிருந்து மணல் வழியாக இறங்கி, சல்லடைக்குள் புகுந்து, நடுப் பைப் வழியாக மேலேறி வெளியே போகும். இது பிடிப்பது துரு, மண், வண்டல். கரைந்த எதையும், கிருமியையும், குளோரினையும் இது தொடாது. தொடவும் கூடாது.

ஹார்ட்வேர் கடையில் தவுக்கே (கடை முதலாளி) புது மணலோடு ஒரு பொதி கரியையும் எடுத்து வைத்தார். "இப்போ எல்லாரும் போடுறாங்க, தண்ணி வாசனையே இருக்காது" என்றார். எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார், நாற்பது வருடம் பிளம்பர் வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டேன். "தம்பி, கரியை வெளிய போட்டுடாதே. கரி குளோரினை எடுத்துரும். அப்புறம் குளோரின் இல்லாத தண்ணிதான் மேல ஏறும். டாங்கில அது ரெண்டு நாளு நின்னா குட்டைத் தண்ணிதான்" என்றார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கரிப் பொதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பழைய மணலை வெளியே எடுப்பதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. உருளையைத் தனியாகக் கழற்றிப் படுக்கப்போட்டு, தோட்டக் குழாயை உள்ளே விட்டுப் பீய்ச்சினால் மணல் சேறாக வெளியே வரும். எங்கள் மணலில் பாதி கட்டி தட்டிப் போயிருந்தது. தண்ணீர் கட்டிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வடிகட்டாமலே ஓடியிருக்கிறது. மணலை லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டாதீர்கள், மழை பெய்தால் அடைத்துக்கொள்ளும். சாக்கில் அள்ளி, பூந்தொட்டி மண்ணில் கலந்துவிட்டோம்.

நிரப்பும்போது இரண்டு விஷயம் முக்கியம். நடுப் பைப்பின் வாயை ஒட்டுநாடாவால் மூட வேண்டும். ஒரு பிடி மணல் அதற்குள் விழுந்தாலும் நேராக வீட்டுக் குழாய்களுக்குப் போய்விடும். அடுத்து, பைப் நடுவிலேயே நிற்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். என் மகன் பிடித்தான், ஒரு கையில் போனோடு. முதலில் சல்லடை மூடும்வரை கூழாங்கல், அதன் மேல் கரடுமணல், அதன் மேல் மெல்லிய மணல், கடைசியாக ஆந்திரசைட். ஆந்திரசைட் என்பது கடினமான நிலக்கரி வகை, வாசனையை எடுக்கும் ஆக்டிவேட்டட் கரி அல்ல, குளோரினை அது ஒன்றும் செய்யாது. துணுக்கு பெரியது, எடை குறைவு. பின்னோக்கிக் கழுவும்போது எல்லாம் மிதந்து கலங்கினாலும், அடங்கும்போது கனமான மணல் கீழேயும் இலேசான ஆந்திரசைட் மேலேயும் தானாகவே அமரும். பெரிய அழுக்கை அது மேலேயே பிடித்துக்கொள்ளும்.

உருளையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். எங்கள் அளவுக்கு அது 28 லிட்டர் வரும், எடையில் 40 கிலோவுக்குப் பக்கம். மேலே காலியிடம் விட்டால்தான் கழுவும்போது மணல் எழும்பிப் பிரியும். கழுத்து வரை நிரப்பிக் கொடுத்தால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்று சிலர் செய்கிறார்கள். அது வடிகட்டியைக் கொல்லும் வழி.

தலையைப் பொருத்தி, தண்ணீரை மெதுவாகத் திறந்து, முதலில் பின்னோக்கிக் கழுவும் நிலை. புது மணலின் தூசி கறுப்பும் சாம்பலுமாக நெடுநேரம் வந்தது. கழிவு பைப்பில் தண்ணீர் தெளிந்த பிறகு அலசு நிலை, அப்புறம் வடிகட்டு நிலை. ஒவ்வொரு முறை கைப்பிடியைத் திருப்பும் முன்பும் தண்ணீரை மூடிவிடுங்கள். அழுத்தத்தோடு திருப்பினால் உள்ளே இருக்கும் நட்சத்திர வடிவ ரப்பர் கிழியும். பிறகு கழிவு பைப்பில் எந்நேரமும் தண்ணீர் சொட்டும், மீட்டர் ஓடும், காரணம் புரியாது. இனி வாரம் ஒரு முறை இரண்டு மூன்று நிமிடம் கழுவுகிறேன். அதற்கு ஆகும் தண்ணீருக்காக யோசிக்க வேண்டாம். மாதம் 20 கன மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு, 1000 லிட்டர் ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்) கீழே.

சமையலறையில் கரி

கரி இருக்க வேண்டிய இடம் இதுதான், குடிக்கப் போகும் கடைசிக் குழாய். 10 அங்குல உறைகள் மூன்று வரிசையாக: முதலில் 5 மைக்ரான் பஞ்சுக் குழல், அடுத்து அழுத்திய கரிக்கட்டி, கடைசியில் பீங்கான் குழல். பஞ்சு கரியைக் காப்பாற்றுகிறது, கரி குளோரின் வாசனையையும் குளோரினால் உண்டாகும் துணைப்பொருட்களில் கணிசமானதையும் எடுக்கிறது, பீங்கான் நுண்ணியதைப் பிடிக்கிறது. பல்லுக்காகச் சேர்க்கும் ஃபுளோரைடை இவை எதுவும் எடுக்காது. மலேசியாவில் அதன் அளவு லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தூள் கரி நிரப்பிய குழலை விட அழுத்திய கட்டி நல்லது. தூளில் தண்ணீர் வழி பிரித்துக்கொண்டு ஓடிவிடும். கரிக்கு நேரமும் கொடுக்க வேண்டும். குழாயை விரல் பருமனுக்குத் திறக்காமல் பென்சில் பருமனுக்குத் திறந்தால் சொட்டு மருந்துச் சோதனையில் நிறமே வரவில்லை. வேகமாகத் திறந்தபோது இலேசான மஞ்சள் தெரிந்தது. கரி தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவும் இதே சோதனைதான். காலண்டரைப் பார்த்து மாற்றுவதை விட இது நேர்மையானது. இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் நான் விடுவதில்லை. குளோரின் இல்லாத ஈரமான கரி பாக்டீரியாவுக்கு நல்ல வீடு. காலையில் முதல் அரை நிமிடத் தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு விடுவதும் அதனால்தான்.

பழைய உறை வெடித்ததற்குக் காரணம் இரவு நேர அழுத்தம். ஊர் தூங்கிய பிறகு யாரும் தண்ணீர் எடுப்பதில்லை, பைப்பில் அழுத்தம் ஏறும். பிளாஸ்டிக் உறை ஒவ்வோர் இரவும் அதைத் தாங்கிக் களைத்துப்போகும். இந்த முறை வடிகட்டிக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று போட்டேன். உறையைக் கையால் இறுக்கினால் போதும், சாவி கழற்றுவதற்கு மட்டும். ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வாஸ்லின் தடவினால் சில மாதத்தில் ரப்பர் உப்பிவிடும். டெஃப்லான் நாடாவை மரை சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வெளியே வரும்.

அம்மாவுக்கு எந்த வடிகட்டி வைத்தாலும் கொதிக்க வைக்காத தண்ணீர் இறங்காது. "வடிகட்டினா மட்டும் போதுமாய்யா?" என்பார். நான் மறுப்பதில்லை. கரி வழியாக வந்த தண்ணீரில் பாதுகாப்புக் குளோரின் இல்லை, ஜாடியில் நாள்கணக்கில் வைப்பதாக இருந்தால் கொதிக்க வைப்பதே சரி. வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் வடிகட்டுவது, பிறகு கொதிக்க வைப்பது.

மணல், கூழாங்கல், ஆந்திரசைட், மூன்று உறைகள், குழல்கள், வால்வு எல்லாம் சேர்த்து நானூறு வெள்ளிக்குள் அடங்கியது. அந்தப் பையன் சொன்ன மாத வாடகைத் திட்டத்தில் ஐந்து மாதம் கூட ஓடியிருக்காது.

தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால் இப்போது செய்வது: தொட்டியை நிரப்பிக்கொண்டு, தண்ணீர் நிற்கும் முன்பே தொட்டிக்குப் போகும் வால்வையும் சமையலறை வடிகட்டியின் வால்வையும் மூடிவிடுகிறேன். தண்ணீர் திரும்பி வந்ததும் முதலில் வாசல் குழாயைத் திறந்து, அது வெள்ளை வாளியில் தெளியும்வரை ஓடவிடுகிறேன். அந்தக் குழாய் மணல் உருளைக்கு முன்னாலேயே பிரிகிறது, அதனால் மொத்தத் துருவும் வெளியிலேயே போய்விடும். கார் கழுவ, வாசல் கழுவ அந்தத் தண்ணீர் போதும். பிறகு மணலைப் பின்னோக்கிக் கழுவிவிட்டு, தொட்டி வால்வு, கடைசியாக வடிகட்டி வால்வு. வாளித் தண்ணீர் மறுநாளும் தெளியவில்லை என்றால் தண்ணீர் விநியோகிக்கும் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்துக்குப் புகார் கொடுப்பதுதான் முறை. படமும் நேரமும் சேர்த்து அனுப்பினால் ஆள் வந்து தெரு பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவுவார்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கும் எதிலும் நாம் கை வைக்கக் கூடாது.

இனி மிச்சம் இருப்பது கீழ் குளியலறை. காலையில் முதல் வாளி இன்னும் பழுப்புதான், சுவருக்குள் ஓடும் ஜிஐ பைப்பை எந்த வடிகட்டியும் திருத்தாது. சுவரை உடைக்க வேண்டாம், பழையதை அப்படியே அடைத்துவிட்டு வெளிச்சுவர் வழியாகப் புதுப் பைப் இழுத்துவிடலாம் என்று மாமா சொல்கிறார். தீபாவளிக்கு முன்னால் பிளம்பர்கள் யாரும் சிக்க மாட்டார்கள், முடிந்த பிறகுதான் ஆள் தேட வேண்டும்.